ஆறாவது மூன்று

கணக்கு மேடத்துக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத ஒன்று உண்டென்றால் அது மூன்று புள்ளி. பாம்பு வந்தாலும் பதறாமல் கம்பைத் தேடுகிற ஆள்தான். ஆனால் யாராவது பலகையில் ‘1 + 2 + 3’ என்று எழுதி, பக்கத்தில் மூன்று புள்ளியைக் குத்தி, தள்ளி ஒரு 50-ஐ நிறுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனால் அவருக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம்.

“நடுவுல இருக்கறதை எல்லாம் யாரு எழுதுவா? உங்க மாமாவா?” என்பார்.

வேலை பார்ப்பது ஒரு மாலை நேரப் பயிற்சி நிலையத்தில். கீழே டயர் கடை, மேலே வகுப்பு. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் வேர்வை வாடை. எது வேண்டும் என்பதை அன்றன்றைக்கு வருகிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். வருகிறவர்கள் எல்லாரும் பகலில் எங்கோ உழைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் கைவிட்ட கணக்கை மறுபடியும் பிடிக்கப் பார்க்கிறவர்கள். மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிற பெண், ஒரு பேருந்து ஓட்டுநர், கிடங்குக் காவலர் என்று பல ரகம். கூட்டல் வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். சிக்மா வந்ததும் முகம் தொங்கிவிடும்.

“இது என்ன மேடம், முறிஞ்சுபோன E மாதிரி இருக்கு?” என்று ஒரு வருடம் யாரோ கேட்டார்.

“முறியலை. நீங்க எழுதியிருக்கறதைப் பார்த்து வாயைப் பொளந்துட்டு நிக்குது.”

அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார். இந்தக் குறிக்குக் கீழே எழுதுவது எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று. மேலே எழுதுவது எங்கே நிறுத்த வேண்டும் என்று. வலது பக்கத்தில் இருப்பது ஒவ்வொரு தடவையும் என்ன செய்ய வேண்டும் என்று. k என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அது கீழிருந்து ஒவ்வொரு எண்ணாக ஏறிப் போகும். போகிற இடத்தில் எல்லாம் கிடைப்பதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இதில் புள்ளிக்கு வேலையே இல்லை. எங்கே தொடக்கம், எங்கே முடிவு, நடுவில் என்ன வேலை என்று மூன்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிற இந்தக் குறி மேல் மேடத்துக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. மனிதர்களில் அப்படி யாரையும் அவர் பார்த்ததில்லை.

வீட்டிலும் இதே பாடுதான். குழாய் சரிசெய்ய வந்தவர் “பார்த்துச் செஞ்சுடலாம்மா” என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தார். “எப்போ ஆரம்பிப்பீங்க, எப்போ முடிப்பீங்க, நடுவுல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார் மேடம். அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மார்க் விஷயத்தில் அவரைப் பற்றி அந்தத் தெருவுக்கே தெரியும். வழி தப்பு, விடை சரி என்றால் விடைக்கு மார்க் கிடையாது. இது அவர் சட்டம். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து இன்று வரை ஒருவருக்கும் தளர்த்தியதில்லை. அழுதவர்கள் உண்டு. அம்மாவைக் கூட்டிவந்தவர் உண்டு, அவருக்கே நாற்பத்தைந்து வயது. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “பேப்பர் பேசட்டும். ஆள் பேசக்கூடாது.”

இப்படிப்பட்டவரிடம் படிக்க அவருடைய வீட்டுக்காரரே வந்து சேர வேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிவிட்டு, சாயங்காலம் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடிக்கு நடந்து ஏறி வீட்டுக்கு வருகிறவர். இதைப் பற்றி யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது கொஞ்ச காலமாகச் சிரிப்பு குறைந்துவிட்டது. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் சுவரோடு ஒட்டி இருக்கும் இரும்பு ஏணியில் ஏறி ஏறி இடது முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. மருத்துவர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“ஏணியை மறந்துடுங்க” என்றார்.

“ஏணி இல்லாம என் வேலை இல்லையே டாக்டர்.”

“அப்போ முழங்காலை மறந்துடுங்க.”

கம்பெனியில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நாற்காலி, மேசை, தலைக்கு மேல் மின்விசிறி. ஏணி கிடையாது. ஆனால் அந்த இடத்துக்குக் கணக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கான வகுப்பும் பரீட்சையும் நடப்பது டயர் கடை மாடியில் மட்டும்தான். இந்தப் பரீட்சையில் தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் மறுபடியும் குழி. அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. அதுவரைக்கும் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கக் கம்பெனிக்காரர் ஒன்றும் மாமனார் இல்லை.

முதல் நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்கி, “மேடம், ஒரு சந்தேகம்” என்றார் வீட்டுக்காரர்.

பலகையில் எழுதிக்கொண்டிருந்த மேடம் திரும்பாமலே, “என்னங்க?” என்றார்.

வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் கீழே டயர் கடைக்காரர் ஒரு டயரையே மாற்றி முடித்துவிட்டார். மறுநாளில் இருந்து மேடம் அவரைக் ‘கடைசி பெஞ்ச்’ என்றே கூப்பிட்டார். பாதுகாப்பான பெயர்.

கடைசி பெஞ்ச் மக்கு இல்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே ஆரம்பிக்கச் சொன்னாலும் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிப்பார். ஒன்றில் இருந்து இருபது வரைக்கும் கூட்டச் சொன்னால் மற்றவர்கள் 1 + 2 என்று தொடங்குவார்கள். இவர் 0 + 1 + 2 என்று தொடங்குவார். விடை சரியாகவே வரும். பூஜ்ஜியத்தைக் கூட்டினால் யாருக்கு என்ன நஷ்டம்? மேடமும் பார்த்தார், மனிதருக்கு இப்படி ஒரு கோணல் என்று விட்டுவிட்டார். எண்களின் வர்க்கத்தைக் கூட்டச் சொன்னபோதும் அதே கதைதான். பூஜ்ஜியத்தின் வர்க்கமும் பூஜ்ஜியம், அதுவும் சத்தம் போடாமல் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

குட்டு உடைந்தது மூன்றாவது வாரம். சிக்மாவுக்குக் கீழே k = 1, மேலே 5, வலது பக்கம் வெறும் 3. பார்க்க லேசான கணக்கு, ஆளை விழுங்குகிற கணக்கு. வகுப்பில் பாதிப் பேர் மூன்று என்றார்கள். உள்ளே k இல்லை, அதனால் கூட்டவும் ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைப்பு. வரவேற்புப் பெண் சரியாகப் பதினைந்து என்றாள். ஐந்து தடவை மூன்று.

“பதினெட்டு” என்றது கடைசி பெஞ்ச்.

“எப்படி?”

“ஜீரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மொத்தம் ஆறு. ஆறு மூணு பதினெட்டு.”

“ஜீரோ எங்கிருந்து வந்துச்சு? கீழே ஒண்ணுன்னு எழுதியிருக்கே?”

“கிரவுண்டை விட்டுட்டு எப்படி மேடம்?” என்று அவர் உண்மையிலேயே திகைத்துப்போய்க் கேட்டார்.

காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் கதவு வரவழைக்கிற பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாடிக்கு ஐந்து கதவு என்று சொல்லிவிட்டார். வந்து மாட்டினால் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா மாடியிலும் கதவு ஜம்மென்று இருக்கிறது, தரைத் தளத்தில் மட்டும் வெறும் ஓட்டை. லிஃப்ட்டில் ஏற வேண்டுமானால் முதல் மாடிக்கு நடந்து போய் ஏற வேண்டும். அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு அவர் பெயர் கம்பெனியில் ‘ஓட்டை’. அன்றைக்குப் பிடித்த பயம்தான். பூஜ்ஜியத்தை விட்டு அவர் கை நகராது.

கையை நகர்த்த மேடம் என்னென்னவோ செய்து பார்த்தார். திட்டினார், கெஞ்சினார், நோட்டில் முதல் கட்டத்தை மையால் அடைத்தே வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு வழியாக வந்தார்.

“சரி. ஜீரோவுலயே ஆரம்பிங்க. ஆனா சும்மா ஆரம்பிக்கக் கூடாது. கீழே ஒண்ணை இறக்கினா மேலேயும் ஒண்ணை இறக்கணும். உள்ளே இருக்கற k-யை ஒண்ணு ஏத்திக்கணும். அப்பத்தான் மொத்தம் மாறாது.”

வீட்டுக்காரர் பென்சிலை எடுத்து ஒரு வரிசையைப் போட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

“அட, கவுன்ட்டர் வெயிட்! பெட்டி கீழே இறங்கினா அந்தப் பக்கம் எடை மேலே ஏறும். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கு எப்படிங்க தெரியும், நீங்க ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?”

அன்றைக்கு இருவரும் சேர்ந்து மேசையில் இருந்த காகிதத்தை எல்லாம் நிரப்பினார்கள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒருவர் வேலை மற்றவருக்குப் புரிந்த முதல் நாள் அதுதான் என்று மேடத்துக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அப்போது கீழ்வீட்டில் இருந்து தயிர் வாங்க ஏறி வந்த நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

“இவ்ளோ கஷ்டம் எதுக்கு அண்ணி? பேப்பர் திருத்தப் போறது நீங்கதானே. அண்ணன் வெறும் பேப்பரைக் கொடுத்தாலும் நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?”

“அதனாலதான் இந்தத் தடவை நான் திருத்தலை” என்றார் மேடம். “முதல்வர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். புது சார் திருத்துவார்.”

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

பரீட்சை நடந்தது. முடிவு ஒட்டினார்கள். தேற ஐம்பது வேண்டும். கடைசி பெஞ்சுக்கு நாற்பத்தேழு.

வீட்டுக்காரர் நாலு மாடி ஏறினார், ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் மறுநாள் சீக்கிரமே போய், திருத்திய விடைத்தாள் கட்டில் இருந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தார்.

ஏழாவது கேள்வி. 3 + 5 + 7 என்று இரண்டு இரண்டாக ஏறி 21 வரைக்கும் போகிற வரிசையை சிக்மாவில் எழுத வேண்டும். விடைக்குறிப்பில், கீழே k = 1, மேலே 10, உள்ளே 2k + 1 என்று இருந்தது. கடைசி பெஞ்ச் கீழே 0, மேலே 9, உள்ளே 2k + 3 என்று எழுதியிருந்தது. மூன்றில் ஆரம்பித்து இருபத்தொன்றில் முடிகிற அதே பத்து எண்கள். அப்பழுக்கில்லாத விடை. புது சார் குறிப்போடு ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்று ஐந்து மார்க்குக்கும் சேர்த்து ஒரு பெரிய சுழி போட்டிருந்தார்.

மேடம் அந்தப் பேப்பரோடு நேரே முதல்வர் அறைக்குப் போனார். போகிற வழியில் தன் காதிலேயே தன் குரல் விழுந்தது: பேப்பர் பேசட்டும், ஆள் பேசக்கூடாது. இத்தனை வருடத்தில் மார்க் கேட்டு வந்த அத்தனை பேரும் இந்த நடைக்கூடத்தில் இப்படித்தான் நடந்திருப்பார்கள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நிற்கவில்லை.

முதல்வர் அறையில் சின்னப் பலகை ஒன்று இருந்தது. மேடம் இரண்டு விடையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணையும் விரித்துக் காட்டினார். புள்ளி வைக்கவில்லை. முதல்வர் வணிகவியல் படித்தவர், ஆனாலும் இரண்டு வரிசையும் ஒன்றுதான் என்பது கண்ணுக்கே தெரிந்தது.

“சரிதான் மேடம். ஆனா இவருக்கு மட்டும் போட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. மேடத்தோட வீட்டுக்காரருக்கு மார்க் ஏறிடுச்சாமேன்னு.”

“எல்லாருக்கும் பார்த்துடலாம் சார்.”

“பார்க்கறதுன்னா முழுசாப் பார்க்கணும். ஏறினாலும் ஏறட்டும், இறங்கினாலும் இறங்கட்டும். நீங்களே பாருங்க, நான் பக்கத்துல உட்காந்திருக்கேன். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் மேடம், யோசிக்காமல்.

கட்டு முழுவதும் வந்தது. பூஜ்ஜியத்தில் ஆரம்பித்துச் சரியாக முடித்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மார்க் ஏறியது. பேருந்து ஓட்டுநர் தேறினார். கிடங்குக் காவலர் தேறினார். இன்னும் இரண்டு பேர் தேறினார்கள். வரவேற்புப் பெண்ணுக்கு மட்டும் ஒரு கணக்கில் வழி தப்பு, விடை சரி. மேடம் நாலு மார்க்கை வெட்டினார். அவள் எழுபதுக்கு மேல் வாங்கியிருந்தாள், பாதகம் இல்லை. முதல்வர் தேநீர் வரவழைத்தார், பாதி குடித்துவிட்டு ஜன்னல் வழியாக டயர் கடையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் பேப்பரை மேடம் கடைசியாக எடுத்தார். ஏழாவது கேள்விக்கு ஐந்து. நாற்பத்தேழும் ஐந்தும் ஐம்பத்திரண்டு. நெஞ்சுக்குள் நாற்காலி ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேசை, மின்விசிறி எல்லாம் வந்தன. பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்பதாவது கேள்வி. கீழே k = 1, மேலே 5, வலது பக்கம் வெறும் 3. வகுப்பில் போட்ட அதே கணக்கு.

கடைசி பெஞ்ச் எழுதியிருந்தது: 3 + 3 + 3 + 3 + 3 + 3 = 15.

மேடம் எண்ணினார். மறுபடியும் விரலை வைத்து எண்ணினார். ஆறு மூன்று இருந்தது. ஆறு மூன்று பதினெட்டு. கை தன் பழக்கத்தில் ஆறை எழுதிவிட்டது, வகுப்பில் அன்றைக்குக் கேட்ட பதினைந்து மண்டையில் இருந்து வந்து விடையாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரியான விடை. புது சார் பதினைந்தைப் பார்த்தார், குறிப்பைப் பார்த்தார், நாலு மார்க்கையும் அள்ளிப் போட்டுவிட்டார்.

ஐம்பத்திரண்டில் நாலு போனால் நாற்பத்தெட்டு.

முதல்வர் இன்னும் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினால் முடிந்தது. யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மூன்று, ஒரே ஒரு மூன்று அதிகம், அதைத் தவிர அந்த மனிதர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. மேடத்துக்கு அந்த முழங்கால் கண்ணில் வந்தது. காலையில் கட்டிலில் இருந்து இறங்கும்போது வீட்டுக்காரர் சத்தம் வராமல் பல்லைக் கடிப்பதும், அந்தக் கடி சத்தம் தனக்குக் கேட்பதும் நினைவுக்கு வந்தன. அதே மேசையில், அரை மணி நேரத்துக்கு முன்னால், அந்தப் பெண்ணுக்கு வெட்டிய கோட்டின் மை இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

“சார், இது வழி தப்பு. நாலு மார்க் போகுது.”

முதல்வர் திரும்பினார். பேப்பரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

“நான் எதையும் பார்க்கலை மேடம்” என்றார் மெதுவாக. நல்ல மனிதர்.

“நான் பார்த்துட்டேனே சார்.”

திருத்திய முடிவை அன்றைக்கே ஒட்டினார்கள். புதிதாகத் தேறிய நாலு பேரும் படியில் காத்திருந்து மேடத்துக்கு நன்றி சொன்னார்கள். பேருந்து ஓட்டுநர் கண் கலங்கிவிட்டார். “நீங்க சண்டை போட்டதாலதான் மேடம். வீட்ல சாருக்கும் நன்றி சொல்லிடுங்க. அவர் பேப்பரால்தானே எங்களுக்கு வந்துச்சு” என்றார். மேடம் சொல்வதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு எப்படித்தான் போகுமோ, காற்றில் போகும்.

“நாலு பேரைப் பாஸ் பண்ண வெச்சுட்டு, கட்டின புருஷனை மட்டும் கழிச்சுக் கட்டிட்டீங்களாமே அண்ணி. அதிசயம்தான். பேசாம அண்ணன் வேற யாரையாவது கட்டியிருந்தா இன்னிக்கு உங்க கையால பாஸாகியிருக்கும்.”

மேடம் செருப்பைக் கழற்றினார். அவள் சொன்னது சரியான கணக்கு, வேறு யாருடைய புருஷனாக இருந்தாலும் ஏழாவது கேள்வியோடு விஷயம் முடிந்திருக்கும். வீட்டுக்காரர், “நீ கீழே போ, குக்கர் சத்தம் போடுது” என்றார். கீழே குக்கர் எதுவும் சத்தம் போடவில்லை. இருந்தாலும் போனாள்.

மேடம் பையைக் கூட இறக்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் சொன்னார். ஏழாவது கேள்வியைச் சொன்னார். ஐம்பத்திரண்டைச் சொன்னார். ஒன்பதாவது கேள்வியையும் சொன்னார்.

“ஆறு மூணா எழுதியிருக்கேன்?” என்றார் வீட்டுக்காரர்.

“ஆறு.”

“எண்ணிப் பார்த்தியா?”

“ரெண்டு தடவை எண்ணினேன். அஞ்சா இருந்துடக் கூடாதான்னுதான் எண்ணினேன்.”

அவர் ஒத்தடத் துணியை மடித்து மறுபக்கம் வைத்தார். ஆறு மாத ஏணி இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மேடத்துக்கு அழுகை வந்தது, அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. செய்தது சரி என்றும் தெரிந்தது, தன்னைப் பிடிக்கவும் இல்லை.

“திட்டணும்னா திட்டிடுங்க” என்றார்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. என் மார்க்கை வெட்டும்போது கை நடுங்கிச்சா?”

“நடுங்கிச்சு.”

“நிஜமா?”

“நடுங்கினதுல கோடு கோணலாப் போயிடுச்சு” என்றார் மேடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அப்புறம் ஸ்கேலை வெச்சு நேரா இன்னொரு கோடு போட்டேன்.”

வீட்டுக்காரர் ஒத்தடத் துணியைக் கீழே போட்டார்.

“அடிப்பாவி! ரெண்டு தடவையா வெட்டினே?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு “ஐயோ, ஐயோ” என்று வலியோடு சிரித்துக்கொண்டே இருந்தார். மேடம் அழுதபடியே எழுந்து போய் வெந்நீர் மாற்றிக் கொண்டுவந்தார்.